எரியாத மோட்டாரைப் பார்த்திராத மனிதர்

மதுரை செல்லூரில் பீர் முகமது என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மோட்டார் பீர் முகமது என்று கூப்பிட்டால் ஒருவரும் திரும்ப மாட்டார். இருபத்தெட்டு வருஷமாக விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டியதில் அவருக்கு இடது காது பாதி போய்விட்டது. வலது பக்கமாகப் போய் நின்று கூப்பிட வேண்டும்.

அவர் கடைக்கு மேல் மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். பெயர் செல்வக்குமார். பள்ளிக்கூடத்தில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். யாரையும் சுலபமாகப் பாராட்டுகிற ஆள் நான் இல்லை. இருபத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்தியவனுக்கு மனிதர்களைப் பார்த்தாலும் எங்கே அரை மதிப்பெண் குறைக்கலாம் என்றுதான் கை போகும். பீர் முகமதுவுக்கும் நிறையக் குறைத்திருக்கிறேன். அவர் கடையில் மோட்டாரை வார்னிஷில் முக்கி எடுக்கிற நாளில் என் வீட்டு ரசத்தில் அந்த வாசம் வரும். கேட்டால், "நல்ல கம்பெனி வார்னிஷ் வாத்தியாரே, ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாது" என்பார்.

ஆனால் தொழிலில் குறை சொல்ல முடியாது. தறி மோட்டார், கிரைண்டர் மோட்டார், போர்வெல் மோட்டார் என்று எது எரிந்தாலும் இவரிடம்தான் வரும். கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டி, வார்னிஷ் ஊற்றி, வெயிலில் காயவைத்துக் கொடுப்பார். அவர் கட்டியது மறுபடி அவரிடமே திரும்பி வருவது அபூர்வம். வந்தால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார்.

அவருடைய மனைவி ஜெயினம்பு. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. புருஷனோடு ஒரு தடவை மக்காவுக்கு உம்ரா போய்வர வேண்டும். ஹஜ் என்றால் பெரிய காரியம், மாதக் கணக்கு ஆகும், உம்ரா என்றால் இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று தன் ஆசையைத் தானே பாதியாக நறுக்கிக்கொண்ட மனுஷி. அந்தப் பாதிக்கும் ஒன்பது வருஷமாக வழி பிறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் பீர் முகமதுவிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். புருஷன் வராமல் பெண்கள் கூட்டத்தோடு போய்வரலாம் என்று இப்போது வழி இருக்கிறது. ஆனால் ஜெயினம்பு தனியாகப் போக மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

போன ஐப்பசி மாதம் ஜெயினம்புவே நேரில் போய், மக்காவுக்கு ஆள் கூட்டிப்போகும் குரூப்பின் தலைவரான ஹஜ்ரத்திடம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். பிப்ரவரியில் பயணம். மதுரையிலிருந்து சென்னைக்குச் சின்ன விமானம், அங்கிருந்து ஜித்தாவுக்குப் பெரிய விமானம்.

பெயர் கொடுத்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீர் முகமது என் மாடிக்கு ஏறி வந்தார். வாடகை வாங்கக்கூட அவர் ஏறி வந்ததில்லை.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம். ஏரோப்ளேன் மேல போகையில ஒரு மோட்டார் நின்னுபோச்சுன்னா என்னாகும்?"

இப்படி ஒரு கேள்வியை என் மாணவன் எவனும் இருபத்திரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நாட்காட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, இறக்கையின் குறுக்குவெட்டுப் படம் போட்டு, பெர்னூலி தத்துவத்தில் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் விளக்கினேன். என் மாணவர்கள் கேட்கிற மாதிரியே மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அது சரி வாத்தியாரே, கீழ விழுமா விழாதா?" என்றார்.

விழாது, ஒரு என்ஜினிலேயே போய் இறங்கிவிடும் என்றேன். அவர் முகம் தெளியவில்லை. பிறகுதான் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு வெவரம் தெரிஞ்சதுல இருந்து எரியாத மோட்டாரை நான் பாத்ததே இல்ல வாத்தியாரே. என் கடைக்கு வாரது பூராம் எரிஞ்சதுதான். அதுல எப்படி நான் ஏறி உக்காருறது?"

நல்லா ஓடுகிற மோட்டாரை எவனாவது உங்கள் கடைக்குக் கொண்டுவருவானா பாய் என்று கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரே சீக்காளியாகத் தெரிகிற கதைதான் இது என்று எடுத்துச் சொன்னேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார். "இன்னைக்கு வராதது நாளைக்கு வரும். எல்லாம் வந்துதான் ஆகணும்."

அது விமான என்ஜின், நீங்கள் நினைக்கிற கரண்ட் மோட்டார் இல்லை என்றேன். சுத்துறது எல்லாம் மோட்டார்தான் என்று முடித்துவிட்டார். ஒன்பது வருஷக் காரணங்களுக்கும் காரணம் இதுதான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. ஜெயினம்புவிடம் சொல்லிவிடலாமே என்றேன்.

"பொண்டாட்டிகிட்ட போயி பயமா இருக்குன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில், படித்தவன் என்ற மரியாதை கொஞ்சமும் இல்லை. போகும்போது படியில் நின்று, "புஸ்தகத்துல எழுதியிருக்கிறதை நம்புறதுக்கில்ல. செஞ்சு பாத்துருவோம்" என்றார். செய்வது என்று எதைச் சொல்கிறார் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவனியாபுரத்துக்குப் போனார். விமான நிலையத்து மதில் ஓரமாக டீக்கடையில் உட்கார்ந்து, சென்னையிலிருந்து வரும் இரண்டு விசிறி விமானம் இறங்குவதையும் ஏறுவதையும் நான்கு டீ குடிக்கும் நேரம் பார்த்தோம். இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருப்பதையும், இரண்டு மோட்டார்களும் இறக்கையின் முன்னால் துருத்திக்கொண்டிருப்பதையும், வால் ஆங்கில டி எழுத்து மாதிரி நிற்பதையும் சிகரெட் அட்டையில் வரைந்துகொண்டார். சீருடை போட்ட ஒருவர் வந்து என்ன வரைகிறீர்கள் என்று கேட்டார். "நான் இயற்பியல் ஆசிரியர்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. "நான் மோட்டார் காயில் கட்டுறவன், இதுல போகப்போறேன்" என்றார் பீர் முகமது. அவரை நம்பிவிட்டார்.

நிஜ விமானத்தில் பதினெட்டில் ஒரு பங்கு என்று அளவு வைத்தோம். இறக்கை முனைக்கு முனை ஐந்தடி. கடைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்துவிட்டார். எரிந்த மோட்டாரைத் தூக்கி வருகிறவர்கள் எல்லாம் ஒரு மாதம் இறக்கையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். என்ன பாய் இது என்று கேட்டவர்களிடம், காலேஜ் பையன் ஒருத்தனுக்குப் புராஜெக்ட் என்று சொன்னார். மதுரையில் பாதிப் பொறியியல் மாணவர்களின் புராஜெக்ட்டுகள் இப்படிப்பட்ட கடைகளில்தான் உருவாகின்றன என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மீன் வரும் தெர்மோகோல் பெட்டிகளைக் கழுவிக் காயவைத்து, கரண்ட் அடுப்பின் காயில் கம்பியைச் சூடாக்கி, அதையே கத்தியாக்கி இறக்கையை அறுத்தார். எனக்கு நான்கு நாள் ஆகும் வளைவை அரை மணியில் கண்பார்வையிலேயே அறுத்தார். இறக்கையின் உள்ளே கார்பன் குழாய், மேலே பழுப்பு டேப், வாலில் சுக்கான், சுக்கானைத் திருப்ப விரல் அளவு மோட்டார்கள். கையில் வைத்து விமானத்தை இயக்கும் ரேடியோ கருவியும் லித்தியம் பேட்டரியும் இணையத்தில் வாங்கியவை. எத்தனை கழுவினாலும் விமானத்துக்குக் கடைசிவரை நெத்திலி வாசம் போகவில்லை.

விசிறி சுற்றும் இரண்டு மோட்டார்களும் புத்தம்புதிதாகப் பெட்டியில் வந்தன. பார்த்தார். முகர்ந்தார். அன்றைக்கே பிரித்து, உள்ளே இருந்த செம்பை உருவி எறிந்துவிட்டு, தானே புதிதாகக் கட்டினார். புது மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டிய ஆளை உலகத்தில் நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. ஏன் பாய் என்றேன்.

"எவன் கட்டுனான்னு தெரியாதே."

கட்டியதோடு விட்டாரா? போர்வெல் மோட்டாரை முக்குகிற மாதிரி வார்னிஷில் முக்கினார். மளிகைக் கடைத் தராசில் நிறுத்தால் நான் சொன்ன எடையைவிட விமானம் ஒரு பிடி அதிகம். கனம் ஆகாது பாய், இது பறக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கனமாக இருந்தால்தான் நிற்கும் என்றார். அவர் வாழ்நாளில் மோட்டார் என்பது நான்கு போல்ட் போட்டுத் தரையில் இறுக்குகிற சாமான். நானும் ஜெயிக்க முடியாமல் பேட்டரியைச் சின்னதாக்கிச் சரிக்கட்டினேன்.

ஆனால் உண்மையான வம்பு ரேடியோ கருவியில் இருந்தது. அதில் ஒரு குச்சியை மெதுவாக மேலே தள்ளத் தள்ள விசிறி வேகம் எடுக்கும். பீர் முகமதுவுக்கு அந்தக் குச்சி பிடிக்கவில்லை. தறி மோட்டார் என்றால் ஒன்று ஓடும், இல்லை நிற்கும். அரைகுறையாக ஓடினால் அது கெட்டுப்போன மோட்டார். அதனால் குச்சியின் வேலையை எடுத்துவிட்டு, வலது மோட்டாருக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று இரண்டு சுவிட்ச் வைத்துவிட்டார். போட்டால் முழு வேகம், அணைத்தால் நிறுத்தம். "ஒரு மோட்டாரை மட்டும் அணைச்சுப் பாக்கத்தான இம்புட்டும் செய்யிறோம்?" என்று அதற்கு நியாயமும் சொன்னார். அதுவும் நியாயம்தான் என்று தலையாட்டினேன். இந்த இடத்தில் எனக்கு முழுப் பூஜ்யம் போட வேண்டும்.

இதற்கிடையில் தெர்மோகோல் பலகை ஒன்றில் ஒரே மோட்டாரை மாட்டி, வைகைக் கரையில் விட்டுப் பழகினார். பதினோரு தடவை விழுந்தது. பன்னிரண்டாவது தடவை கருவேல மரத்தில் நின்றது. தை பிறப்பதற்குள் சுக்கான் பிடிக்கும் கை அவருக்கு வந்துவிட்டது. ஜெயினம்பு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஊருக்கெல்லாம் உம்ரா நாள் நெருங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷி, புருஷன் பொம்மை செய்கிறான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

செல்லூரில் பறக்க விட முடியாது. அவனியாபுரம் பக்கம் நினைக்கவே கூடாது. வரைபடத்தில் விமான நிலையத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் சிவப்பு வட்டத்துக்கு வெளியே இடம் தேடினோம். பரவையில் விருமாண்டி என்ற விவசாயி இருக்கிறார். அவருடைய போர்வெல் மோட்டார் மூன்று தடவை எரிந்து மூன்று தடவையும் பீர் முகமதுவால் உயிர் பிழைத்தது. பொங்கலுக்கு முன்பே அறுவடை முடிந்து வயல் சும்மா கிடந்தது. "நம்ம வயலு பாய், ஏரோப்ளேன் என்ன, ரயிலே வேணாலும் விடுங்க" என்றார்.

முதல் நாள் விமானத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு விருமாண்டி வயலில் ஓடினார். வாடிவாசலில் காளையை விடுகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்து வீசினார். அதே நேரத்தில் பீர் முகமது பிஸ்மில்லா சொல்லி இரண்டு சுவிட்சையும் பட்டென்று போட்டார். இரண்டு விசிறிகளும் ஒரே பக்கமாக முழு வேகத்தில் சுற்றின. விமானம் முன்னால் போவதற்குப் பதில் இடது பக்கமாக உருண்டு, தலைகீழாகி, வரப்பில் மூக்கைக் குத்தி நின்றது. மொத்தம் நான்கு விநாடி. விருமாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

"அண்ணே, இதுல ஆளு ஏறுவானாண்ணே?" என்றார்.

பீர் முகமது குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வண்டியில் திரும்பினோம். தத்தனேரி தாண்டியதும் சொன்னார்: "பாத்தீங்கள்ல வாத்தியாரே?" தான் நினைத்தது சரியாகப் போனதில் அந்தக் குரலில் ஒரு திருப்திகூட இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. விழுந்தது மோட்டாரால் இல்லை, உங்கள் சுவிட்சால் என்று வண்டியை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். தறிக்குப் பழகிய கை, தறி மாதிரியே பிளேனையும் ஓட்டினால் எந்தப் பிளேன் பறக்கும்?

சண்டையில் ஒரு வார்த்தை அவருக்குள் இறங்கியது. "பெரிய மோட்டாரை இப்படித்தான் ஒரே தட்டுல போடுவீங்களா பாய்?" என்று கேட்டிருந்தேன். போட மாட்டார். பெரிய மோட்டாரை மெதுவாகக் கிளப்பித்தான் முழு வேகத்துக்குக் கொண்டுபோவார். மறுநாள் காலையில் கடை திறந்ததும் அந்த வழிக்கு வந்துவிட்டார். சுவிட்ச் போட்டாலும் விசிறி நான்கு விநாடி எடுத்துக்கொண்டு வேகம் பிடிக்கிற மாதிரி ரேடியோ கருவியில் மாற்றினோம். ஒன்றின் முறுக்கை மற்றொன்று சரிக்கட்ட, ஒரு மோட்டாரை எதிர்ப்பக்கமாகச் சுற்றவைக்க வேண்டும் என்றேன். அதற்கு நான் வாய் திறந்து விளக்குவதற்குள் மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றிச் சொருகிவிட்டார். எதிர்ப்பக்கம் சுற்றும் விசிறி தபாலில் வர ஆறு நாள் ஆனது.

அந்த ஆறு நாளில் ஒரு நாள் மத்தியானம் ஜெயினம்பு மாடிக்கு வந்தார். கையில் பாஸ்போர்ட் இரண்டும் இருந்தன.

"சார், நாளைக்கு ஹஜ்ரத்துகிட்ட சொல்லி எங்க பேரை எடுத்துரச் சொல்லப்போறேன். அவருக்கு என்கூட வர மனசில்ல சார். ஒன்பது வருசமா அதான் ஓடுது. நான்தான் புரிஞ்சுக்காம பெட்டி வாங்கி வச்சிருக்கேன்."

அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். ரகசியம் காக்கத் தெரிந்தவன் வாத்தியார் வேலைக்கு வர மாட்டான். எரிந்த மோட்டாரிலிருந்து வரப்பில் குத்திய மூக்கு வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்து ரொம்ப நேரம் பாஸ்போர்ட் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பயமா?" என்றார். "அம்புட்டுத்தானா?"

மறுபடி எப்போது பறக்க விடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு காலையில் நாங்கள் பரவை வயலில் பேட்டரியை மாட்டிக்கொண்டிருக்கும்போது ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஜெயினம்பு தூக்குவாளியோடு இறங்கி வரப்பு மேல் நடந்து வந்தார். பீர் முகமது என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"இடியாப்பம் கொண்டாந்தேன்" என்றார் ஜெயினம்பு. "நீங்க உங்க வேலையைப் பாருங்க."

விருமாண்டி வீசினார். விசிறிகள் மெதுவாகக் கிளம்பி வேகம் பிடித்தன. விமானம் முதலில் தாழ்ந்தது, பிறகு நிமிர்ந்தது, பனைமர உயரத்துக்கு ஏறியது. வெள்ளையாக, சின்னதாக, அச்சு அசல் அவனியாபுரத்தில் பார்த்தது மாதிரியே வயலைச் சுற்றியது. நெத்திலி வாசம் அங்கிருந்து தெரியாது. இருபத்திரண்டு வருஷமாகப் பறத்தல் பாடம் நடத்துகிறேன், எதையும் பறக்க விட்டுப் பார்த்ததில்லை.

மூன்று சுற்று முடிந்ததும் பீர் முகமது வலது சுவிட்சை அணைத்தார். ஒரு விசிறி நின்றது. விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. அவர் சுக்கானைப் பிடித்து நேராக்கினார். ஆடி ஆடிப் போனாலும் போனது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. கீழே விழவில்லை. நான் கை தட்டினேன். விருமாண்டி விசில் அடித்தார்.

"என்ன பாய், இப்பவாவது நம்புறீங்களா?"

அவர் கண்ணை விமானத்திலிருந்து எடுக்கவில்லை. நெற்றி முழுக்க வேர்வை.

"இது நான் கட்டுன காயில் வாத்தியாரே. அதான் நிக்குது. அந்தப் பெரிய பிளேன்ல எவன் கட்டுனானோ!"

மூன்று மாத உழைப்பு அந்த ஒரே வாக்கியத்தில் மண்ணாய்ப் போனது. எத்தனை பிளேன் செய்தாலும், செய்தது இவர் என்பதாலேயே அது சாட்சி ஆகாது. அப்போது ஜெயினம்பு அவருடைய வலது பக்கமாக வந்து நின்றார்.

"அந்த இன்னொண்ணும் நின்னுருச்சுன்னா?"

"அதைத்தான் புள்ள நானும் யோசிக்கிறேன். ரெண்டும் நின்னா..."

"இதுவா சுவிட்சு?" என்று கேட்டுக்கொண்டே, வீட்டில் லைட்டை அணைக்கிற மாதிரி, இடது சுவிட்சையும் அணைத்துவிட்டார்.

வயல் முழுக்க நிசப்தம். "யா அல்லா!" என்று பீர் முகமது அலறினார். ஆனால் வைகைக் கரையில் பழகிய கை பயத்தைக் கேட்கவில்லை, அதுபாட்டுக்குச் சுக்கானைப் பிடித்துக்கொண்டது. விசிறிகள்தான் நின்றன, விமானம் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பனைக்கு மேலிருந்து தென்னைக்கு, தென்னையிலிருந்து எங்கள் தலை உயரத்துக்கு, எங்களைக் கடந்து, பக்கத்து வயலில் அறுத்த நெல்லின் அடித்தாள்களின் மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. இறக்கை முனையில் டேப் கொஞ்சம் கிழிந்தது. அவ்வளவுதான் சேதம்.

பீர் முகமது அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டும் நின்னுச்சு. எறங்கத்தான செஞ்சுச்சு?" என்றார் ஜெயினம்பு. "பயமா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்க?"

"நீ சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருப்பேன்தான். சிரிச்சுட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

விருமாண்டி மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார். நான் விமானத்தை எடுத்துவரப் போகிற சாக்கில் பக்கத்து வயலுக்கு நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பீர் முகமது விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பயம் போனது என்று நான் நம்பவில்லை. ஜெயினம்பு வாங்கி வைத்த பெட்டியில் உம்ராவில் உடுத்தும் அவருடைய வெள்ளைத் துணியும் ஏறியது, அதைத்தான் என் கண்ணால் பார்த்தேன்.

புனிதப் பயணம் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் தெரிந்தவர்கள் வீடுகளுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது அவர்களிடம் வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ செய்த தப்பை மனசார மன்னித்துவிடுங்கள் என்று கேட்பார்கள். வீட்டுக்காரர்களும் மன்னித்தோம், எங்களுக்காகவும் துஆ கேட்டு வேண்டிக்கொள்ளுங்கள் என்பார்கள். பெரும்பாலும் யாரும் எந்தத் தப்பு என்று கேட்பதில்லை. செல்லூர் மட்டும் விதிவிலக்கு. பீர் முகமது மூன்று நாள் தெருத்தெருவாகப் போனார். ஒரு தறிக்காரர், நீங்கள் கட்டிய மோட்டார் நாலே மாதத்தில் போனது என்று பழையதைச் சொல்லிக் காட்டிவிட்டு மன்னித்தார். இன்னொருவர் மன்னிப்பதற்கு முன்னால் கிரைண்டரைக் கொண்டுவந்து வைத்தார். என் வீட்டுக்கும் வந்தார். ரச வாசத்தைச் சொல்லி மன்னித்தேன்.

கடைசி நாள் சாயங்காலம், வெயில் இறங்கும் நேரம், நான் மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். பீர் முகமது ஊரையெல்லாம் சுற்றிவிட்டு வந்து தன் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி சலாம் சொன்னார். உள்ளே மீதமிருந்த ஜாக்கெட்டுகளைத் தைத்துக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"உள்ள வாங்க. எதுக்கு வாசல்ல நிக்கிறீங்க?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன் ஜெயினு."

"எதுக்கு?"

"ஒன்பது வருசத்துக்கும்."

உள்ளே கத்தரிக்கோலை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஜெயினம்பு சொன்னார்: "அப்படி மொத்தமாக் கேட்டாச் செல்லாது. ஒவ்வொரு வருசமாக் கேளுங்க."

நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"மொத வருசம், பாஸ்போர்ட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொன்னேன். நான் ஆபீஸுக்கே போகல. தெப்பக்குளத்துல உக்காந்துட்டு வந்தேன்."

"மன்னிச்சேன்."

"ரெண்டாவது வருசம் முதுகு வலின்னேன். வலிக்கல."

"பதினஞ்சு நாளு தைலம் தேச்சேனே!"

"ஆமா."

"...மன்னிச்சேன்."

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஜெயினம்பு இரண்டு தடவையும் சிரித்தது கேட்டது.

"அஞ்சாவதும் ஆறாவதும் கொரோனா. அதுக்கு நான் பொறுப்பில்ல. ஆனா எல்லாத்தையும் பூட்டிட்டாங்கன்னதும் உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டேன்."

"அடப்பாவி மனுசா! மன்னிச்சேன், மேல சொல்லுங்க."

"ஏழாவது வருசம் கடையில ஆளில்லன்னேன். ரெண்டு பேரு வேலை கேட்டு வந்தாங்க, நான்தான் வேணாம்னு அனுப்புனேன்."

"மன்னிச்சேன்."

அவர் ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் கையிலிருந்த பேனாவை மூடினேன்.

"எட்டாவது வருசம் உங்கம்மாவும் வாரேன்னு கேட்டாங்க" என்றார். "அடுத்த வருசம் எல்லாரும் சேந்து போவோம் மாமின்னு சொன்னேன். அடுத்த வருசம் அவங்க இல்ல."

தெருவில் ஒரு சைக்கிள் போனது, தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பீர் முகமது வாசல்படியைத் தாண்டவும் இல்லை, திரும்பவும் இல்லை. நல்ல காதை வாசல் பக்கமாகத் திருப்பி நின்றுகொண்டிருந்தார்.

"அதை என்கிட்ட கேக்காதீங்க" என்றது உள்ளிருந்து குரல். "அங்க போயிக் கேளுங்க. நானும் பக்கத்துல நிக்கிறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை விமானத்துக்கு அவர்களை அவனியாபுரம் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான்.